விமானிகளின் மருத்துவத் தகுதிச் சான்று: வரலாறு

விமானம் ஓட்டுபவர் உடலாலும் மனத்தாலும் அப்பணிக்கு ஏற்றவர் என்று, அரசின் ஏற்பு பெற்ற மருத்துவர் பரிசோதித்து வழங்கும் ஆவணமே மருத்துவத் தகுதிச் சான்று ஆகும். விமானி உரிமம் கையில் இருந்தாலும் நடப்பிலுள்ள இச்சான்று இல்லாமல் வணிக விமானம் எதையும் ஓட்ட முடியாது. ஆசிரியரோ கணக்கரோ பணியில் சேரும்போது ஒரு முறை மருத்துவச் சான்று கொடுத்தால் பெரும்பாலும் போதும். விமானியோ ஓய்வு பெறும்வரை ஆண்டுதோறும், வயது ஏறியபின் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, தம் பிழைப்பை மருத்துவரின் மேசைமேல் வைத்தாக வேண்டும். பார்வை, செவி, இதயம் ஆகியவற்றைக் கருவி கொண்டு அளக்கலாம். மயக்கம், குடி, மனச்சோர்வு, மறைவாக உண்ணும் மருந்து ஆகியவை விமானியே வாய் திறந்து சொன்னால்தான் பெரும்பாலும் தெரியவரும். இந்தச் சான்றின் நூறாண்டு வரலாற்றில் முதல் வகைக்கு விடை கிடைத்துக்கொண்டே வந்தது. இரண்டாம் வகை இன்றும் சிக்கலாகவே உள்ளது.

பலூன் காலத்துப் பாடம்

விமானம் பிறப்பதற்கு முன்பே, உயரம் மனித உடலை என்ன செய்யும் என்பது தெரிந்திருந்தது. 1875 ஏப்ரல் 15 அன்று பிரான்சில் 'செனித்' என்ற பலூனில் குரோசே-ஸ்பினெல்லி, சிவெல், திசாந்தியே ஆகிய மூவர் 8000 மீட்டருக்கு மேல் ஏறினர். ஆக்சிசன் கலந்த காற்றைப் பைகளில் கொண்டு சென்றிருந்தனர். அந்த அளவு போதாது என்று உடலியல் அறிஞர் பால் பெர் எழுதிய கடிதம் அவர்கள் புறப்படுமுன் பயன்படும் வகையில் வந்து சேரவில்லை. மேலே கை கால்கள் செயலிழந்ததால், தலைக்கு அருகில் இருந்த குழாயைக்கூட எடுக்க முடியவில்லை. பலூன் தரையிறங்கியபோது திசாந்தியே ஒருவரே உயிரோடு இருந்தார். ஆக்சிசன் குறையும்போது தமக்கு எந்தத் துன்பமும் தோன்றவில்லை என்றும், உள்ளம் மகிழ்ச்சியாகவே இருந்தது என்றும் அவர் பின்னர் விவரித்தார். தம் உடல் தளர்வதை அந்த மனிதரே அறியாமல் இருக்கக்கூடும் என்பது வானியல் மருத்துவத்தின் முதற்பாடமாக அமைந்தது. (இங்கு வானியல் என்பது விண்மீன்களைப் பற்றியதன்று, வான்பயணத்தைப் பற்றியது. இனி இக்கட்டுரையில் விமான மருத்துவம் என்றே குறிக்கப்படும்.)

முதல் உலகப் போர்

இராணுவ விமானிகளுக்கென மருத்துவ அளவுகோல்களை முதலில் வகுத்த நாடு செருமனி, ஆண்டு 1910. அமெரிக்கப் போர்த்துறை 1912இல் தன் விதிகளை வெளியிட்டது. ஆனால் போர் வெடித்ததும் எல்லா நாடுகளிலும் அவசரமே வென்றது. காலாட்படைக்கு ஆகாதவர் என்று கழிக்கப்பட்டவர்கூட, உட்கார்ந்துதானே ஓட்டப்போகிறார் என்ற எண்ணத்தில் விமானப் பிரிவுக்கு அனுப்பப்பட்டதுண்டு. பிரித்தானியரின் முதலாண்டு இழப்புகளில் நூற்றுக்கு 2 எதிரியாலும், 8 விமானக் கோளாறாலும், 90 விமானியின் குறையாலும் நேர்ந்தவை என்ற கணக்கு அக்கால மருத்துவர்களிடையே பரவலாக எடுத்துச் சொல்லப்பட்டது. கடுமையான பரிசோதனை வேண்டும் என்ற வாதத்துக்கு இதுவே பெரும் துணையாயிற்று.

அமெரிக்காவில் தியோடர் லிஸ்டர் என்ற இராணுவ மருத்துவர் இப்பணியை ஏற்றார். நியூயார்க் மாநிலத்தின் மினியோலாவில் 1918 சனவரியில் ஓர் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. குறைந்த அழுத்த அறை, மூச்சு அளவிகள், சுழல் நாற்காலி எல்லாம் அங்கே இடம்பெற்றன. சுழல் நாற்காலியின் பின்னணியில் இருந்தவர், உட்செவியின் சமநிலை உறுப்பு பற்றிய ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரானி. இளைஞரை நாற்காலியில் உட்காரவைத்துப் பத்துச் சுற்றுச் சுற்றி நிறுத்தி, கண் எத்தனை நொடி துடிக்கிறது என்று எண்ணுவார்கள். குறித்த வரம்புக்கு வெளியே போனால் அவர் விமானியாக முடியாது. பிற்காலத்தில் இச்சோதனை தேர்வுக் கருவி என்ற மதிப்பை இழந்தது. மேகத்துக்குள் சமநிலை உணர்வு எப்படி ஏமாற்றும் என்பதைப் பயிற்சி விமானிக்குக் காட்டவே இந்த நாற்காலி இன்று பயன்படுகிறது. பிரித்தானியாவில் மார்ட்டின் ஃபிளாக் என்பவர், பாதரசத்தை 40 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஊதி ஏற்றி, மூச்சை அடக்கி அப்படியே நிறுத்தும் சோதனையைக் கொண்டுவந்தார். உடல் வலிமையோடு மன உறுதியையும் இது காட்டும் என்று அன்று நம்பினர்.

லிஸ்டர் குழு செய்தவற்றுள் நிலைத்தது கருவி எதுவும் அன்று. விமானிகளோடு ஒரே முகாமில் தங்கி, உடன் உண்டு, உடன் பறந்து அவர்களை அறியும் 'பறப்பு மருத்துவர்' என்ற பதவிதான் அது. ஆண்டுக்கு ஒரு முறை வந்து நிற்பவர் சொல்லாததை, அன்றாடம் பழகும் மருத்துவர் கண்டுகொள்வார் என்பதே அதன் அடிப்படை.

இந்தியருக்கு நினைவில் நிற்கும் பெயர் ஒன்று இக்காலத்தில் உண்டு. கல்கத்தாவில் 1898இல் பிறந்த இந்திர லால் ராய், பிரித்தானிய அரச பறப்புப் படையில் சேர விண்ணப்பித்தபோது கண் பார்வை போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டார். தம் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தில் பெயர்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் மறுகருத்துப் பெற்று உள்ளே நுழைந்தார் என்பர். 1918 சூலையில் இரண்டு வாரங்களுக்குள் 10 எதிரி விமானங்களை வென்ற கணக்கு அவருக்கு உண்டு. அம்மாதம் 22ஆம் நாள் வான்போரில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 19.

அமைதிக் காலத்து விதிகள்

1919 அக்டோபர் 13 அன்று கையெழுத்தான பாரிசு உடன்படிக்கை, விமானி உரிமத்துக்கான குறைந்தபட்சத் தகுதிகளை நாடுகளுக்குப் பொதுவாக வகுத்தது. மருத்துவப் பரிசோதனையும் அதில் அடங்கும். அந்த உடன்படிக்கையின் கீழ் அமைந்த ஆணையம் 1924இல் ஒரு படி மேலே போய், பயணிகளை ஏற்றும் விமானங்களின் ஓட்டுநர் குழுவில் பெண்கள் கூடாது என்று முடிவு செய்தது. மாதவிலக்கு நாள்களில் பெண்ணின் திறமை குறையும் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அயர்லாந்தில் பிறந்த விமானி மேரி ஹீத் இதை எதிர்த்து, எந்த நாளிலும் தம்மைச் சோதித்துப் பார்க்கலாம் என்று முன்வந்தார். அவ்வாறே பறந்தும் காட்டினார். 1926இல் தடை நீங்கியது. மருத்துவத்தின் பெயரால் போடப்பட்ட விதிகளில் எத்தனை உண்மையில் மருத்துவம் சார்ந்தவை என்று கேட்க இந்நிகழ்ச்சி இடமளிக்கிறது.

அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டின் வான்வழி வணிகச் சட்டத்துக்குப் பின் லூயிஸ் பாவர் முதல் மருத்துவ இயக்குநரானார். நாடு முழுதும் அரசு மருத்துவமனை அமைப்பது இயலாது என்பதால், தனியார் மருத்துவர்களையே தேர்ந்து அவர்களுக்குப் பரிசோதனை அதிகாரம் அளித்தார். 1927 பிப்ரவரியில் வெளியான முதல் பட்டியலில் 57 பேர் இருந்தனர். உலகின் பல நாடுகளில் இன்றும் நடப்பது இதே முறைதான்.

விதிவிலக்குகளும் அப்போதே தொடங்கின. எண்ணெய்க் கிணற்று விபத்தில் 1926இல் இடக்கண்ணை இழந்த வைலி போஸ்ட், அதற்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில் விமானம் வாங்கினார். ஒற்றைக் கண்ணால் தூரத்தை மதிப்பிடத் தாமே பழகினார். 1933 சூலையில், உலகைத் தனியாக விமானத்தில் சுற்றிவந்த முதல் மனிதரானார். பிரித்தானியாவில் டக்ளஸ் பேடர் 1931 டிசம்பரில் நடந்த விபத்தில் இரு கால்களையும் இழந்து படையிலிருந்து விலக்கப்பட்டார். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் செயற்கைக் கால்களுடன் மீண்டும் சேர்ந்து, 20க்கும் மேற்பட்ட வான்வெற்றிகளைப் பெற்றார். இவ்விருவரும் அட்டவணைப்படி தகுதியற்றவர்கள்; ஓட்டிக் காட்டித் தகுதி பெற்றவர்கள். ஒருவர் தம் குறையோடு பணியைச் செய்துகாட்டினால் ஏற்கலாம் என்ற இன்றைய நெகிழ்வு விதிகள் இந்த வழியில் வந்தவையே.

பன்னாட்டு அளவுகோல்

1944 டிசம்பர் 7 அன்று கையெழுத்தான சிக்காகோ உடன்படிக்கையின்படி பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தோன்றியது. 1948இல் அது ஏற்ற முதலாம் இணைப்பு, பணியாளர் உரிமங்களைப் பற்றியது. அதன்படி மருத்துவச் சான்று மூன்று வகுப்புகளாகும்: வணிக விமானிகளுக்கு முதல் வகுப்பு, தனியார் விமானிகளுக்கு இரண்டாம் வகுப்பு, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கு மூன்றாம் வகுப்பு.

முதல் வகுப்புக்கு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்ணும் சேர்ந்து 6/6 பார்வை வேண்டும். கண்ணாடி அணிந்து இந்த அளவை எட்டினாலும் ஏற்பர். எனவே கண்ணாடி போட்டவர் விமானியாக முடியாது என்று நம் மாணவரிடையே பரவியுள்ள எண்ணம் பொதுவாகத் தவறானது. இ.சி.ஜி. முதல் பரிசோதனையிலும், 30 முதல் 50 வயதுவரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் எடுக்கப்படும். சான்று பொதுவாக 12 மாதம் செல்லும். 60 வயதைக் கடந்தால் 6 மாதம்.

இந்தியாவில்

இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் (டி.ஜி.சி.ஏ.) இச்சான்றை வழங்குகிறது. முதல் வகுப்புக்கான தொடக்கப் பரிசோதனை நெடுங்காலமாக விமானப்படையின் மருத்துவ மையங்களையே பெரிதும் சார்ந்திருந்தது. புது தில்லியிலும் பெங்களூரிலும் சோர்ஹாட்டிலும் உள்ளவை முதன்மையானவை. தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு அருகிலுள்ளது 1957இல் தொடங்கப்பட்ட பெங்களூரு விமான மருத்துவக் கழகம். 1984இல் விண்வெளி சென்ற ராகேஷ் சர்மாவுக்கும், ககன்யான் திட்டத்துக்கான விமானிகளுக்கும் தேர்வுச் சோதனைகள் நடந்த இடமும் அதுவே. பயிற்சிப் பள்ளியில் பல இலட்சம் ரூபாய் கட்டிச் சேர்ந்தபின் முதல் வகுப்புப் பரிசோதனையில் தவறும் மாணவரின் நிலை மிகக் கடினமானது. பணம் கட்டுமுன் இப்பரிசோதனையை முடித்துக்கொள்வதே அறிவுடைமை.

மதுவைப் பொறுத்தவரை இந்திய விதி கடுமையானது. பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது அருந்தக் கூடாது. பணிக்கு வருவோர் மூச்சுச் சோதனைக்கு உட்பட வேண்டும். பாலினம் சார்ந்த சிக்கலும் இங்கு எழுந்தது. கேரளத்தைச் சேர்ந்த திருநம்பி ஒருவர், இயக்குநீர் சிகிச்சையில் இருப்பதைக் காரணம் காட்டித் தகுதியற்றவர் எனப்பட்டார். அது பொதுவெளியில் விவாதமானபின், திருநர் விண்ணப்பதாரர்களை மதிப்பிடும் வழிமுறைகளை 2022 ஆகஸ்டில் இயக்ககம் வெளியிட்டது.

இதயமும் ஒரு விழுக்காட்டு விதியும்

1972 சூன் 18 அன்று இலண்டன் ஹீத்ரோவிலிருந்து புறப்பட்ட டிரைடன்ட் விமானம் ஒன்று சில நிமிடங்களில் ஸ்டெயின்ஸ் ஊரருகே விழுந்தது. அதிலிருந்த 118 பேரும் இறந்தனர். வேகம் போதாத நிலையில் இறக்கையின் முன்விளிம்புத் தகடுகள் உள்ளிழுக்கப்பட்டதே நேரடிக் காரணம். ஆனால் பிணக்கூறாய்வில், தலைமை விமானியின் இதயத் தமனிகள் கடுமையாகக் குறுகியிருந்தது தெரிந்தது. விமானம் விழுவதற்குச் சற்று முன்பு தமனிச் சுவரில் கிழிவும் ஏற்பட்டிருந்தது. வழக்கமான பரிசோதனைகளில் அவர் தேறியவர். படுத்த நிலையில் எடுக்கும் இ.சி.ஜி. அன்றைய இதயத்தின் நிலையைக் காட்டும். அடுத்த மாதம் நடக்கப்போவதைச் சொல்லாது.

இதற்குப் பின், "இவருக்கு நோய் உண்டா?" என்று கேட்பதைவிட "இவர் பறக்கும்போது செயலிழக்க எவ்வளவு வாய்ப்பு?" என்று கேட்பதே பொருத்தம் என்ற கருத்து ஐரோப்பிய இதய மருத்துவர்களிடையே வலுப்பெற்றது. அதிலிருந்து உருவானது ஒரு விழுக்காட்டு விதி. அதன் கணக்கு பள்ளி மாணவரும் போட்டுப் பார்க்கக்கூடியது. எல்லாக் காரணங்களையும் சேர்த்து 1 கோடி பறப்பு மணிக்கு ஒரு உயிர்க்கொல்லி விபத்துக்கு மேல் கூடாது என்பது இலக்கு. அதில் பத்தில் ஒரு பங்கு விமானிகளால் நேரலாம். அதிலும் பத்தில் ஒரு பங்கே விமானியின் திடீர் நோயால் நேரலாம். அதாவது 100 கோடி மணிக்கு ஒன்று. ஓராண்டில் ஏறத்தாழ 10,000 மணி உண்டு. ஆண்டுக்கு நூற்றுக்கு 1 வீதம் செயலிழக்கும் வாய்ப்புள்ள விமானிக்கு அது 10 இலட்சம் மணிக்கு ஒரு முறை என்றாகிறது. ஆனால் பக்கத்தில் இன்னொரு விமானி இருக்கிறார். பயணத்தின் பத்தில் ஒரு பங்கு நேரமே, அதாவது ஏறுதலும் இறங்குதலுமே, ஆபத்தானது. அந்நேரத்திலும் நூறு செயலிழப்புகளில் ஒன்றே விபத்தில் முடியும் என்று கொண்டால் ஆபத்து 1000 மடங்கு குறைந்து, 100 கோடி மணிக்கு ஒன்று என்ற இலக்கைத் தொடுகிறது. தனி விமானி ஓட்டும் பயணிகள் விமானத்துக்கு இக்கணக்கு பொருந்தாது.

இந்தக் கணக்கால் பயன் பெற்றோர் பலர். மாரடைப்பிலிருந்து மீண்டவர்கள் கண்காணிப்போடு இணை விமானியுடன் பறக்க வழி பிறந்தது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகளுக்குப் பிரித்தானியா 2012 முதல் முதல் வகுப்புச் சான்று வழங்கத் தொடங்கியது. அமெரிக்கா 2019இல் அதற்கான வழிமுறையை அறிவித்தது.

வயது வரம்பு மட்டும் இந்த வகைக் கணக்கில் பிறக்கவில்லை. அமெரிக்காவில் 60 வயது வரம்பு 1960 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர், விமானப் போக்குவரத்து ஆணையின் தலைவரான கெசாடாவிடம் இத்தகைய விதியைக் கேட்டிருந்தார். கெசாடா பதவி விலகியபின் 1961இல் அதே நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம்பெற்றார். பன்னாட்டு வரம்பு 2006இல் 65 ஆக உயர்ந்தது. மறு ஆண்டே அமெரிக்காவும் சட்டத்தை மாற்றியது.

நிறப் பார்வை

விமானத்தின் இடப்புற விளக்கு சிவப்பு, வலப்புற விளக்கு பச்சை. ஓடுபாதையருகே உள்ள நான்கு விளக்குகளில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பாகத் தெரிந்தால் இறங்கும் கோணம் சரி. நான்கும் சிவப்பென்றால் விமானம் மிகத் தாழ்ந்துவிட்டது. 2002 சூலை 26 அன்று அமெரிக்காவின் டலஹாசியில் சரக்கு விமானம் ஒன்று விடியுமுன் மரங்களில் மோதி விழுந்தது. மூவரும் உயிர் தப்பினர். துணை விமானிக்கு இருந்த நிறக்குறையும் அயர்ச்சியும் துணைக்காரணங்கள் என்று விசாரணை கண்டது. ஆனால் ஆஸ்திரேலியத் தீர்ப்பாயம் 1989இல் வேறு முடிவுக்கு வந்திருந்தது. டெனிசன் வழக்கில் நீண்ட சாட்சியங்களைக் கேட்டபின், நிறக்குறை உள்ளவரை இரவுப் பறப்பிலிருந்து முற்றிலும் விலக்குவதற்குப் போதிய காரணம் இல்லை என்று அது தீர்ப்பளித்தது. இரு நிலைப்பாடுகளும் இன்றுவரை அருகருகே உள்ளன.

சொல்லாமல் விடப்படுபவை

விண்ணப்பப் படிவத்தில் நோய்களின் நீண்ட பட்டியல் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று விமானியே குறிக்க வேண்டும். 'ஆம்' என்று குறித்தால் மாதக்கணக்கில் வேலை நிற்கலாம். அமெரிக்காவில் ஒரு தனியார் விமானி, தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை மறைத்து 1994இல் சான்று பெற்றார். மறு ஆண்டு சமூகப் பாதுகாப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது அதே தொற்றை வெளியிட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் அரசு இரு பட்டியல்களையும் ஒப்பிட்டபோது அவர் சிக்கினார். உரிமம் போயிற்று, குற்றத்தை ஒப்புக்கொண்டு 1000 டாலர் தண்டம் கட்டினார். அரசு தம் மருத்துவத் தகவலைச் சட்டத்தை மீறிப் பகிர்ந்ததால் மன உளைச்சல் அடைந்ததாக அவர் தொடர்ந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. மன உளைச்சலுக்கு மட்டும் இழப்பீடு கேட்க அச்சட்டத்தில் இடமில்லை என்று 2012இல் தீர்ப்பாயிற்று. பொய் சொன்னது அவர் தவறு; உண்மை சொல்லியிருந்தால் அக்கால நடைமுறையில் பறந்திருக்க முடியாது என்பதும் மெய்.

மனநோயில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. 1982 பிப்ரவரி 9 அன்று தோக்கியோவின் ஹனேடாவில் இறங்கவிருந்த சப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தை அதன் தலைமை விமானியே கடலில் இறக்கினார். 24 பேர் இறந்தனர். முன்பே மனநோய்க்குச் சிகிச்சை பெற்று, பணிக்குத் திரும்ப ஏற்கப்பட்டவர் அவர். 2015 மார்ச் 24 அன்று செர்மன்விங்ஸ் விமானத்தின் துணை விமானி, தலைமை விமானியை அறைக்கு வெளியே விட்டுக் கதவைப் பூட்டி, விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் மாண்டனர். அவருக்கு முன்பு மனச்சோர்வு வந்து போனதைச் சான்றளித்தவர்கள் அறிந்திருந்தனர். அது திரும்பியதை அறிந்திருந்தவர்கள் அவர் தனியாகப் பார்த்த மருத்துவர்கள். பணிக்குச் செல்ல வேண்டாம் என்று அவர்களுள் சிலர் எழுதிக்கொடுத்த சீட்டுகள் நிறுவனத்துக்குப் போய்ச் சேரவில்லை. நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் செருமானியச் சட்டத்தை மீற மருத்துவர்கள் தயங்கினர். உரிமம் போனால் வருமானமும் பயிற்சிக் கடனும் என்னாகும் என்ற அச்சம் விமானிகளை வாய் மூடவைக்கிறது என்றும் பிரெஞ்சு விசாரணை அமைப்பு தன் அறிக்கையில் எடுத்துக்காட்டியது.

அமெரிக்காவில் 2010 ஏப்ரல் வரை மனச்சோர்வு மருந்து உண்பவர் பறக்க முடியாது. மனச்சோர்வு கண்ட விமானி வேலையை நிறுத்த வேண்டும், அல்லது மறைவாக மருந்து உண்ண வேண்டும், அல்லது மருந்தில்லாமலே பறக்க வேண்டும். மூன்றாவது வழியே மற்றவற்றைவிட ஆபத்தானது என்பது விளங்கியபின், நான்கு வகை மருந்துகளுக்குக் கண்காணிப்புடன் அனுமதி கிடைத்தது. அதுவரை மறைத்தவர்கள் ஆறு மாதத்துக்குள் சொன்னால் நடவடிக்கை இல்லை என்றும் அறிவிக்கப்பட்டது. எனினும் அச்சம் முற்றிலும் நீங்கவில்லை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட, பெயர் கேட்காத இணையக் கணக்கெடுப்பில், மனநலக் கேள்விகளுக்கு விடையளித்த 1848 விமானிகளில் 12.6 விழுக்காட்டினர் மனச்சோர்வுக்கான அளவை எட்டியிருந்தனர். பெயர் கேட்கும் படிவத்தில் இத்தகைய விடை வருவது அரிது.

ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இயற்றி 2021 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள், பணியில் சேருமுன் உளவியல் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கின. ஒவ்வொரு நிறுவனமும் சக விமானி ஆதரவுத் திட்டத்துக்கு வழிசெய்ய வேண்டும் என்றும் பணித்தன. இத்திட்டத்தில் விமானி முதலில் பேசுவது மருத்துவரிடம் அன்று, பயிற்சி பெற்ற இன்னொரு விமானியிடம். அமெரிக்காவில் 2023 அக்டோபரில், பணியில் இல்லாமல் விமானி அறையில் பயணம் செய்த ஒருவர் பறக்கும் விமானத்தின் எஞ்சின்களை நிறுத்த முயன்றார். அவர் மனச்சோர்வால் வருந்தியும் சிகிச்சை பெறாமல் இருந்தவர். அடுத்த சில வாரங்களில் அமைக்கப்பட்ட குழு 2024 ஏப்ரலில் அறிக்கை தந்தது. உண்மையைச் சொல்பவரைத் தண்டிக்காத வழி வேண்டும் என்றும், மன ஆலோசகரிடம் பேசியதை எல்லாம் படிவத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதியை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது.